இருபத்து மூன்று பென்சில்கள்

சாப்பாட்டு மேசையில் விரித்த வெள்ளைத் தாளில் இன்னும் ஒரு கோடுகூட விழவில்லை. ஜன்னல் வெயில் மட்டும் பாதித் தாளைக் கடந்துவிட்டது. முப்பத்து நான்கு வருடம் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸாக இருந்து போன வாரம் ஓய்வு பெற்ற அம்மா, பொழுது போகட்டும் என்று மகள் வாங்கித் தந்த வண்ணப் பென்சில்களை வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றாக விரலால் தொட்டு, வாய்விட்டு எண்ணுகிறாள். பெட்டியில் இருபத்து நான்கு என்று போட்டிருக்கிறது. இருப்பது இருபத்து மூன்று. "பச்சையக் காணோம்" என்கிறாள். வேலைக்குக் கிளம்பி, தோளில் பையோடு நிற்கும் மகள், "போனாப் போகுதும்மா, இருக்கிறத வச்சு வரையேன்" என்கிறாள். "ஆபரேஷன் முடிஞ்சா கத்தி, கத்தரி, பஞ்சு எல்லாத்தோட எண்ணிக்கையும் சரியாகாம நான் தையல் போட விட்டதே இல்லடி. எவ்வளவு பெரிய டாக்டரா இருந்தாலும் கையக் கட்டிக்கிட்டு நிக்கணும்." இந்த வாரம் முழுக்க வீட்டில் கேட்காத மிடுக்கு அந்தக் குரலில். மகள் பையை இறக்கிவிட்டு, மண்டியிட்டு, மேசைக்கு அடியில் குனிகிறாள். அம்மாவின் வலது பாதத்துக்கு அடியிலிருந்து பச்சை முனை எட்டிப் பார்க்கிறது. அழுத்திய அழுத்தில் கால்விரல்கள் வெளுத்திருக்கின்றன. மகள் கையை நீட்டுகிறாள், பிறகு இழுத்துக்கொள்கிறாள். "கீழயும் இல்லம்மா." மேலிருந்து அம்மா கேட்கிறாள்: "மணி என்னடி?" "பத்தேகால்." "அவ்வளவுதானா?" பாதம் நகரவில்லை. மேசைமேல் எண்ணிக்கை மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்குகிறது.