பிக்கப் வந்தாச்சு

மெக்கானிக் சேவியரின் பட்டறையில் ஒரு பழைய ஸ்கூட்டர் நின்றது. அதன் கண்ணாடியில் ஒரு ஹெல்மெட் தொங்கியது. "வண்டியில பிக்கப்பே இல்ல" என்று சொல்லி ஓனர் விட்டுப் போயிருந்தார்.

"பிக்கப்னா என்ன?" என்றது ஸ்கூட்டர்.

"முறுக்கினா சீறிக்கிட்டுக் கிளம்பணும். அதான் பிக்கப்" என்றது ஹெல்மெட்.

கார்புரேட்டரைப் பிரித்துப் பார்த்த சேவியர், உதட்டைப் பிதுக்கிவிட்டு ஓனருக்கு ஃபோன் போட்டார். "மனுஷன் பிக்கப் பண்ண மாட்டேங்கிறாரே" என்று அலுத்துக்கொண்டார்.

"பாவம், அவருக்கும் போயிடுச்சா?" என்றது ஸ்கூட்டர்.

"லூசு, அவர் ஃபோனை எடுக்கலைன்னு அர்த்தம்."

சாயங்காலம் ஓனரே கூப்பிட்டார். புது வண்டி வாங்கிவிட்டாராம். பழசை என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளலாமாம். அது சேவியர் காதில் மட்டும் விழுந்தது.

மறுநாள் காலை டீக்கடைக்காரர் வாசலிலிருந்து குரல் கொடுத்தார்: "சேவியரே, பிக்கப் வந்தாச்சு!"

ஸ்கூட்டர் பூரித்துப்போனது. "கேட்டியா? எனக்கு வந்துடுச்சாம்! சீறிக்கிட்டுக் கிளம்பப் போறேன்."

ஹெல்மெட் தெருவைப் பார்த்தது. பழைய இரும்புக் கடையின் பிக்கப் வண்டி ரிவர்ஸில் வந்துகொண்டிருந்தது.

"ஆமா, உனக்குத்தான் வந்திருக்கு" என்றது ஹெல்மெட்.