பத்தாவது நொடி

"அம்மை இதச் செரியாக்க விடமாட்டா. கோயிலுக்குப் போயிருக்கா, சட்டுன்னு பாரு," என்றாள் கணினி பழுதுபார்க்கும் மாலை வகுப்பில் என் தோழி ஷிஜி. எந்த வீடியோ போட்டாலும் அவள் வீட்டுக் கணினி பத்தாவது நொடியில் உறைந்துவிடும்.

வகுப்புக் குறிப்பைப் பார்த்து ஒவ்வொன்றாகச் சோதித்தேன். மதர்போர்டும் இயங்குதளத்தின் மையமான கெர்னலும் ஒத்துப்போகவில்லை. கெர்னலைப் புதுப்பித்தேன். ஆனாலும் சரியாகிவிட்டதா என்ற சந்தேகம் தீரவில்லை.

ஷிஜியின் அம்மா இசபெல் மாமி கோயிலிலிருந்து வந்ததும், தினமும் பார்க்கும் வீடியோவைப் போட்டார். படகில் மகன் பெனிட்டோ சிரித்துக் கையாட்டினான்.

நான் நொடிகளை எண்ணினேன். எட்டு, ஒன்பது, பத்து. உறையவில்லை! அப்பாடா என்றிருந்தது.

பதினொன்றில், பின்னால் எழுந்த அலை படகைக் கவிழ்த்தது.

மாமி திரையை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

"இதுவரைக்கும் எம்பிள்ள முங்கினதில்ல மக்கா. பழையபடி நிக்க வச்சுத் தா."