முதுகில் ஒரு கை

அயர்லாந்தில் தனியாகச் சுற்றத் தொடங்கியதிலிருந்து காதில் தமிழே விழவில்லை. அதனால் கால்வே விடுதியின் சமையலறையில், "தமிழா? நான் ரங்கராஜன். வாங்கோ, சூடா ரசம் இருக்கு" என்று ஒருவர் முதுகில் தட்டியபோது அவசரமாக ஒரு கிண்ணத்தை எடுத்தேன். தட்டிய கையை அவர் எடுக்கவில்லை. மழையில் நனைந்த என் சட்டைக்கு மேலாகவே அது இடது தோளிலிருந்து குறுக்கே இறங்கி, பூணூலைத் தேடி, கிடைக்காமல் நின்றது.

"அடடா, ரசம் ஒருத்தருக்குத்தான் வரும்போலிருக்கு" என்றபடி பாத்திரத்தை மூடினார்.

பக்கத்தில் ரொட்டி வாட்டிக்கொண்டிருந்த ஸ்பெயின்காரி மார்த்தா, "உங்க ஊர்ல எவ்வளவு பிரியமா தொட்டுப் பேசறீங்க!" என்று ஆங்கிலத்தில் வியந்து, அதேபோல என் முதுகைத் தடவினாள்.

அவள் கையைத் தட்டிவிட்டேன்.