கூட்டவும் குறைக்கவும்

"தப்பு என்னோடதுதான் சார். வேற யாரையும் கேக்காதீங்க."

மேனேஜர் அறைக்குள்ளிருந்து கணவனின் குரல் கேட்டது. கதவுக்கு வெளியே நின்றிருந்தாள் மனைவி. செய்தது அவள், பழியைச் சுமப்பது அவன்.

அந்த ஆஸ்பத்திரியில் எடுக்கும் எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாம் கீழ்த்தளத்து ஃபைல் சர்வரில்தான் இருக்கும். கேட்கிற டாக்டருக்குப் படத்தை எடுத்துக் கொடுக்க அந்த மெஷினுக்குள் வேலை செய்பவை திரெட்கள். கணவனும் மனைவியும் தங்களுக்குள் அவற்றை 'ஆள்' என்றுதான் சொல்லிக்கொள்வார்கள். ஆள் குறைந்தால் டாக்டர்கள் வரிசையில் காத்துக் கிடக்க வேண்டும். அளவுக்கு மீறினால் ஒன்றின் காலை ஒன்று மிதித்து மெஷினே மூச்சுத் திணறும்.

அந்த எண்ணிக்கையைக் கூட்டுவதும் குறைப்பதும் கணவனின் வேலை. காலையில் வந்ததும் கூட்டத்தைப் பார்த்துக் கையால் மாற்றிவைப்பான். கூட்டம் சேர்ந்தால் தானே ஆளைக் கூட்டி, ஓய்ந்தால் தானே குறைக்கும்படி அவள் ஒரு புரோகிராம் எழுதினாள். சர்வரில் எதை ஏற்றுவதும் அவன் பொறுப்பு என்பதால் அவனிடமே கொடுத்தாள்.

"எல்லாம் அதுவே பாத்துக்குமா? அப்ப நான் எதுக்கு, வாசல்ல செருப்பு பாத்துக்கவா?" என்று சிரித்தான்.

"வீட்ல காய் நறுக்குங்க, நான் ஒண்ணும் வேண்டாம்னு சொல்லலியே," என்றாள் அவள்.

நேற்று மாலை வண்டியில் திரும்பும்போது, "ஏத்திட்டீங்களா?" என்று அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து கேட்டாள். "ம்" என்றான். இனி யாரும் எண்ணிக்கையைக் கையால் தொடவேண்டாம் என்று மேனேஜரும் அறிவித்துவிட்டார். அவளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. காலையில் மாடி முழுக்கச் சாக்லேட் கொடுத்துக்கொண்டு வந்தாள்.

சாக்லேட் கரைவதற்குள் வந்தது வினை. பஸ் கவிழ்ந்து அடிபட்டவர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து இறங்கினார்கள். எல்லா அறையிலிருந்தும் ஒரே நேரத்தில் படம் கேட்டார்கள். அவள் திரையில் வரிசை அனுமார் வாலாக நீண்டது. ஆள் எண்ணிக்கை மட்டும் எட்டிலேயே நின்றது, ஒன்பதுகூட ஆகவில்லை.

போன் அலறியது. "என்னம்மா பண்றீங்க கீழ? மயக்கம் குடுத்துப் படுக்க வெச்சாச்சு, தலை ஸ்கேன் திறக்க மாட்டேங்குது. கண்ண மூடிக்கிட்டு வெட்டச் சொல்றீங்களா?" என்று கத்தினார் சர்ஜன் அம்மா.

அவள் கணவனின் மேசைக்கு ஓடினாள். அவன் முகம் அதற்குள் வெளிறிப்போயிருந்தது. கீழ்த்தளத்துக்கு இறங்கிப்போய், கையாலேயே எண்ணிக்கையைக் கூட்டினான். வரிசை கரைந்தது. ஆனால் மயக்கத்தில் கிடந்தவருக்குப் போன நேரம் போனதுதான்.

அதன் பிறகு தான் எழுதியதை வரி வரியாகப் படித்துப் பார்த்தாள். ஒரு பிழையும் கண்ணில் படவில்லை. அது அவளை இன்னும் பயமுறுத்தியது. எங்கே தவறினோம் என்றுகூடத் தெரியாதவள் எந்தத் துணிச்சலில் டாக்டர்களின் கையைக் கட்டிப்போட்டாள்?

இப்போது மேனேஜர் அறை வாசலில் நின்றவளைப் பார்த்து, அந்த வழியாக வந்த நர்ஸ் நின்றாள். "மெஷினே பாத்துக்கும்னு சாக்லேட் குடுத்தியே தாயே. அந்த மனுஷன் இன்னும் கண்ணு தொறக்கல. அவர் வீட்டம்மா வெளில உக்காந்து அழுதுக்கிட்டிருக்காங்க."

அவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. உள்ளே மேனேஜர் பேசிக்கொண்டிருந்தார்.

"பொண்டாட்டிய விட்டுக்குடுக்க உங்களுக்கு மனசு வரல. புரியுது. ஆனா ஒருத்தர் வேலைய விட்டுப் போயே ஆகணும். மேல கேக்கறாங்க."

"என்னை அனுப்புங்க சார்."

அதற்குமேல் அவளுக்குத் தாங்கவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தாள்.

"அவர் சொல்றதக் கேக்காதீங்க சார். புரோகிராம் என்னோடது. ஆள் கூடாம நின்னது என் தப்பு."

"நீ வெளில போ," என்றான் கணவன், தரையைப் பார்த்தபடி.

"நான் பண்ணின பாவத்துக்கு நீங்க ஏங்க தலையக் குடுக்கணும்? என்னைக் கட்டிக்கிட்டதுக்குத் தண்டனையா?"

மேனேஜர் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். "ரெண்டு பேரும் போட்டி போட்டா நான் யாரத்தான் அனுப்பறது?" பிறகு குரலைத் தணித்து, "நாளைலேர்ந்து நீ வரவேண்டாம்மா. தப்பா எடுத்துக்காத," என்றார்.

அவள் தலையாட்டினாள். அழுகை வந்தாலும் நெஞ்சில் ஏதோ கொஞ்சம் இறங்கினாற்போல் இருந்தது. அவன் வேலையாவது தப்பியது.

மேனேஜர் அவன் பக்கம் திரும்பினார். "நீங்க போய் முதல்ல அந்தப் புரோகிராம மெஷின்லேர்ந்து எடுங்க."

அவன் அசையவில்லை.

"போங்க, எடுத்துடுங்க," என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "எனக்கு வருத்தமில்ல. இன்னொரு உயிரோட விளையாட வேண்டாம்."

அவன் அன்றைக்கு முதல்முறையாக அவளை நிமிர்ந்து பார்த்தான்.

"எடுக்க அங்க என்ன இருக்கு? நான் அத ஏத்தவே இல்ல."