வேகாத சோளம்

பேருந்து நாலு மணிக்குக் கிளம்பிவிடும். இருட்டுவதற்கு ஆறு மணியாகும். நடுவே உள்ள நேரத்தை நான் எப்படியாவது சாப்பாட்டால் அடைக்க வேண்டும்.

அதனால்தான் இரவே ஊறப்போட்ட சோளத்தையும் பயறையும் பக்கத்துக் குடிசை ஸோலேகாவுக்குக் கொடுத்துவிட்டு, காய்ந்ததை எடுத்து உலையில் போட்டேன். அது லேசில் வேகாது.

பல்கலைக்கழகப் பிள்ளைகள் என் குடிசை வாசலில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். சமூக நீதிப் பாடத்துக்காகப் புதன்கிழமைதோறும் பேருந்தில் வந்து எங்கள் கதைகளைக் கேட்டு எழுதிக்கொள்வார்கள். இன்று கடைசி வகுப்பு.

ரோட்டுக்கு அந்தப்பக்கம், பெட்ரோல் பங்குக்குப் பின்னால், கூண்டு போட்ட இரண்டு லாரிகள் காலையிலிருந்து நிற்கின்றன. உள்ளே, எங்கள் குடிசைகளைப் பிரித்துப்போட வந்த ஆட்கள்.

பிள்ளைகளின் கையில் போன் இருக்கிறது. பேராசிரியருக்குப் பத்திரிகைக்காரர்களைத் தெரியும். பேருந்து நிற்கிறவரை கடப்பாரை கீழே இறங்காது. இருட்டிவிட்டால் பிரிக்கக் கூடாது என்பது சட்டம். விடிந்தால் எங்கள் வக்கீல் கோர்ட்டில் தடை வாங்கிவிடுவார்.

லாரி விஷயத்தைப் பிள்ளைகளிடம் சொல்லவும் முடியாது. கலவர வாடை அடித்தாலே எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போய்விட வேண்டுமாம், பல்கலைக்கழகத்து விதி. போன வருடம் ரோட்டில் யாரோ ஒரு டயரைக் கொளுத்தினார்கள். நீதியைப் படிக்க வந்தவர்கள் அன்று ஓடிய ஓட்டம் இருக்கிறதே!

ஆகவே பேசினேன். கணவர் சுரங்கத்தில் செத்த கதையும், குடிசைகள் தீப்பிடித்த கதையும் தீர்ந்துபோயின. பிறகு இல்லாத மாமியார் ஒருத்தியைப் பிறக்கவைத்து, அவளோடு சண்டையும் போட்டேன். பிள்ளைகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அதையும் எழுதினார்கள்.

உங்கள் மகன் எங்கே என்று லீசல் கேட்டாள். அவள்தான் என்னிடம் ஒட்டிக்கொண்டவள்.

லுக்கான்யோவுக்கு இன்று கூலி வேலை கிடைத்திருக்கிறது என்றேன். பல மாதங்களுக்குப் பிறகு. விடியற்காலையில் நாற்சந்தியில் நின்றவர்களை ஏதோ வண்டி வந்து அள்ளிக்கொண்டு போனதாம். என்ன வேலை என்று கேட்கிற நிலையிலா இருக்கிறோம்?

நாலு மணிக்குப் பேராசிரியர் எழுந்தார்.

“சாப்பிடாம போகக் கூடாதுங்க சார். இன்னும் ஒரே ஒரு கொதிதான்.”

அவர் மறுபடியும் உட்கார்ந்தார். ஒரு சோளத்தை எடுத்து நசுக்கிப் பார்த்தேன். கல்லாட்டம் இருந்தது. கடவுளே, அப்படியே இரு என்று வேண்டிக்கொண்டேன்.

ஐந்து மணிக்கு டிரைவர் ஹாரனை அழுத்தினான். இனிமேல் பேராசிரியரால் ஒன்றும் செய்ய முடியாது. லீசல் என்னைக் கட்டிக்கொண்டு, அடுத்த வருடமும் வருவேன் என்று சத்தியம் செய்தாள். அடுத்த வருடம் எங்கே வருவாய், பெண்ணே?

பேருந்தின் படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். வாய் என் பேச்சைக் கேட்கவில்லை. லாரிகள் நிற்பதைச் சொல்லிவிட்டேன்.

பேராசிரியரின் முகம் வெளுத்தது. கெட்டவர் இல்லை அவர். பிள்ளைகளின் தலைகளை எண்ணினார். என் விரல்களைக் கம்பியிலிருந்து மெதுவாக எடுத்துவிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார். கண்ணாடிக்குப் பின்னால் லீசல் அழுதுகொண்டே படம் பிடிக்கப் போனைத் தூக்கினாள். அதில் புழுதிதான் விழுந்திருக்கும்.

புழுதி அடங்குவதற்குள் லாரிகள் வந்துவிட்டன. பச்சை உடுப்பு மாட்டிய கூலியாட்கள் கடப்பாரைகளோடு குதித்து, குடிசைக்கு நாலு பேராகப் பிரிந்தார்கள். ஸோலேகாவின் கூரை கிழிகிற சத்தம் கேட்டது.

என் குடிசைக்கு வந்தவர்களில் ஒருவன் மற்ற மூவரையும் கைநீட்டி நிறுத்தினான். தலை நிமிராமல் என்னிடம் வந்தான்.

லுக்கான்யோ.

“பஸ் போகக் கூடாதுன்னுதாம்மா லாரிக்குள்ள உக்காந்து வேண்டிக்கிட்டே இருந்தேன். நீ சாமானை வெளிய எடு. தகரத்த நானே பிரிக்கிறேன். அவனுங்க பிரிச்சா கிழிச்சிடுவானுங்க.”

அவன் அடித்த ஆணிகள்தான். வளையாமல் ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பச்சை உடுப்பின் பைக்குள் போட்டுக்கொண்டான்.