மீந்த எண்ணெய்

“இந்த வாரமும் மூணு போத்தலா, அக்கா!” ரக்ஷனாவுக்கு வாயெல்லாம் பல்.

பொரித்து மீந்த எண்ணெயை நீட்டினார் எதிர்வீட்டு ஜரீனா. அதை டீசலாக்கினால் சுற்றுச்சூழலுக்கு எவ்வளவு நன்மை என்று அளப்பதுதான் ரக்ஷனாவின் ஆய்வு. எப்படியும் கொட்டப்போகிற எண்ணெய்தானே என்று, அதைத் தயாரித்ததால் வந்த பாதிப்பைப் பூஜ்யம் என்றே எழுதியிருந்தாள். நாளை அறிக்கை கொடுக்க வேண்டும். சிங்கப்பூர் கிளமெண்டியில் அவர்கள் குடியிருந்த அடுக்குமாடி புளோக்கிலேயே அதிக எண்ணெய் கொடுத்தவர் ஜரீனாதான்.

“வீட்டுல நிறையப் பேரா, அக்கா?”

“நாங்க ரெண்டு பேர்தான் லா. அவருக்கு டாக்டர் எண்ணெய்ப் பலகாரமே கூடாதுன்னுட்டார்.”

“அப்புறம் எப்படி இவ்வளவு?”

“நீ ஆராய்ச்சிக்குக் கேட்டியே! உனக்காகத்தான் தினமும் புது எண்ணெய் ஊத்திப் பொரிக்கிறேன். இந்தா, சமோசா!”

ரக்ஷனா சமோசாவை வாங்கிக்கொண்டு, பூஜ்யத்தை அழிக்கப் போனாள்.