சார்ஜர்

“ஏங்க, இவன் யார் வீட்டுக்குள்ள வேணாலும் பூந்து பெட்டியத் தொறந்து எடுக்குறானே, வீட்டுக்காரங்க ஒண்ணும் கேக்க மாட்டாங்களா?” என்றாள் ஜோதிமணி.

“ஜப்பான்காரன் கேம் அப்படித்தான். ஹீரோ எடுத்தா அது திருட்டு கெடையாது” என்றான் ராஜமுருகன், கையிலிருந்த சின்னத் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

பள்ளிக்கூட நாளில் பழனியில் ஒரு வீடியோ கேம் கடையில் இதன் முதல் பாகத்தை விளையாடி முடித்தவன் அவன். இரண்டாம் பாகம் இப்போதுதான் கைக்கு வந்திருந்தது.

“தங்கிட்டுப் போன அந்த மேடத்துக்குப் பெரிய மனசுங்க. காட்டேஜ்ல ரூம் கூட்டுற உங்களுக்கு இம்புட்டு வெலைப் பொருளைக் குடுத்துட்டுப் போயிருக்காங்களே!”

“பேட்டரி செவப்பாயிருச்சு. வெரசா முடிக்கணும், பேசாம இரு.”

“சார்ஜ் போட வேண்டியதுதானே?”

“சார்ஜர் இல்ல.”

செல்போன் அடித்தது. பெயரைப் பார்த்தவன் அதைக் கவிழ்த்து வைத்தான். ஜோதிமணி சட்டென்று எடுத்துவிட்டாள்.

“மேடம், நான் அவரு சம்சாரம் பேசுறேங்க. நீங்க குடுத்த கேமைத்தான் விளையாடிக்கிட்டு இருக்காரு. ரொம்ப நன்றிங்க!”

மறுமுனையில் ஏதோ சொல்லக் கேட்டு, ஜோதிமணி சிரித்த முகத்தோடு போனை வைத்தாள்.

“சார்ஜரைக் குடுக்க மறந்துட்டாங்களாம். கூரியர்ல அனுப்பி வைக்கிறாங்களாம்.”

ராஜமுருகன் தலை நிமிரவில்லை.

தலையணைக்கு அடியில் கேமை விட்டுவிட்டு வந்துவிட்டேனா என்று காலையில் அதே மேடம் போனில் கேட்டபோது, “ரூம் பூரா தேடிட்டேங்க மேடம், ஒண்ணுமே இல்ல” என்று சொல்லியிருந்தான்.